அத்தியாயம் 6: திரும்பும் வழியை முதலில் போடுங்கள்

மண்ணூர் பஸ் நிறுத்தத்தில் நைட் ஷிஃப்ட்டுக்குக் காத்திருப்பவர் செயலியைத் திறந்து பார்க்கும் நேரம் அரை நிமிடம்கூட இருக்காது. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் செல்பேசி. கம்பெனி பஸ் நேரத்துக்கு வருகிறதா என்று பார்க்க வந்தவர், தவறி வேறெதையோ தொட்டுவிட்டால் உடனே பின் பொத்தானை அழுத்துவார். அந்த ஓர் அழுத்தத்தில் செயலி அவரைப் பழைய இடத்தில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். செயலியை விட்டே வெளியேறிவிட்டாலோ, மறுபடி ஓ.டி.பி. கேட்டு நின்றாலோ, அடுத்த நாள் அவர் அதைத் தொடமாட்டார். சூப்பர்வைசருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொள்வார்.

முந்தைய அத்தியாயங்களில் திரைகளைத் தனித்தனியாக வரைந்து முடித்தோம். இப்போது அவற்றை இணைக்கப் போகிறோம். ஒரு திரையிலிருந்து இன்னொன்றுக்குப் போவதற்கு ஒரே ஒரு வரி போதும். பத்து நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். சிக்கல் எல்லாம் திரும்பி வருவதில்தான். ஆகவே இந்த அத்தியாயம் முழுக்க ஒரே விதிதான்: ஒவ்வொரு திரைக்கும் "இங்கிருந்து பின்னால் போனால் எங்கே?" என்பதை முடிவு செய்த பிறகே நிரலில் கை வையுங்கள்.

கருவி, ஃப்ளட்டர். ஒரே நிரலை ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் ஓட்டுவதற்கு கூகுள் கொடுத்திருப்பது, 1.0 பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. ரியாக்ட் நேட்டிவில் வேலை செய்பவர்களுக்குப் பின்னால் ஒரு சிறு பகுதி இருக்கிறது. கட்டளைப் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். எடிட்டரில் ஆங்கிலத்தில் முதல் சில எழுத்துகளை அடித்தாலே முழுப் பெயரையும் அது எடுத்துக் கொடுத்துவிடும்.

யாருக்காகச் செய்கிறோம்

ஹூண்டாய் 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் கார் உற்பத்தியைத் தொடங்கியது. அதன்பின் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று ஆலைகள் பெருகின. மண்ணூர் இந்தப் பகுதிக்குள் வருகிற ஊர். வல்லம் வடகாலில் சிப்காட் கட்டி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். இவ்வளவு பேரும் தினமும் ஏதோ ஒரு கம்பெனி பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்கள்.

நாம் பயிற்சிக்குச் செய்யும் செயலி அவர்களுக்கானது: இன்றைய பஸ், எல்லா பஸ்களின் நேரம், லீவு விண்ணப்பம், சம்பள சிலிப். இவர்களுடைய நடைமுறையில் மூன்று விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் படிகள் எல்லாம் இவற்றிலிருந்துதான் வருகின்றன.

- பல ஆலைகளில் செல்பேசியை உற்பத்திக்கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. லாக்கரில் எட்டு மணி நேரம் கிடக்கும். அதற்குள் ஆண்ட்ராய்டு நம் செயலியை நினைவகத்திலிருந்து தூக்கியிருக்கலாம்.
- தகவல் பெரும்பாலும் வாட்ஸாப் குழுவில் லிங்க்காக வரும். செயலியின் முதல் திரையையே பார்க்காமல் நடுவில் வந்து குதிப்பவர்கள் அதிகம்.
- விடுதி அறையில் ஒருவர் போனை இன்னொருவர் வாங்கிப் பார்ப்பது சகஜம். ஒருவர் வெளியேறிய பிறகு அவருடைய சம்பள சிலிப் அடுத்தவர் கண்ணில் படக்கூடாது.

முதலில் காகிதம்

1. ஒவ்வொரு திரைக்கும் ஒரு துண்டுச் சீட்டு எடுத்துப் பெயர் எழுதுங்கள்.
2. சீட்டின் பின்பக்கத்தில் மூன்று விடைகள் எழுதுங்கள்: இங்கே எங்கிருந்தெல்லாம் வருவார்கள்? பின் பொத்தான் எங்கே கொண்டுபோகும்? இந்தத் திரைக்கு எந்தத் தகவல் கையோடு வரவேண்டும்?
3. சீட்டுகளைத் தரையில் பரப்பி, செயலியைப் பார்த்தே இராத ஒருவரிடம் "நாளைக்கு லீவு போடுங்கள்" என்று சொல்லிச் சீட்டுகளை வரிசையாகத் தொடச் சொல்லுங்கள். அவர் தயங்கி நிற்கும் இடத்தில் பென்சிலால் குறியிடுங்கள்.

நம் செயலிக்குச் சீட்டுகளைப் போட்டால் இப்படி வரும். அடியில் நான்கு தாவல்கள்: இன்று, பஸ்கள், லீவு, நான். (ஆண்ட்ராய்டு வடிவமைப்பு விதிகளும் கீழ்ப்பட்டையில் மூன்று முதல் ஐந்து வரைதான் வைக்கச் சொல்கின்றன.) 'பஸ் விவரம்' திரைக்கு இரண்டு வாசல்கள்: 'பஸ்கள்' பட்டியல், வாட்ஸாப் லிங்க். எந்த வாசலில் வந்தாலும் பின்னால் போனால் 'பஸ்கள்' பட்டியல்தான். லீவில் பட்டியலைத் தவிர மூன்று திரைகள்: படிவம், சரிபார்ப்பு, 'அனுப்பியாயிற்று'. கடைசித் திரையிலிருந்து பின்னால் போனால் லீவு பட்டியல் வரவேண்டும். நிரப்பிய படிவம் திரும்ப வந்தால் மறுபடி அனுப்பிவிடுவார்கள். உள்நுழைவில் செல்பேசி எண், ஓ.டி.பி. என்று இரண்டு திரைகள். உள்ளே வந்தபின் இரண்டுக்கும் திரும்பிப் போக வழியே இருக்கக்கூடாது.

இந்தச் சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். கடைசியில் சோதிக்கும்போது அவைதான் உங்கள் சரிபார்ப்புப் பட்டியல்.

தெரிந்திருக்க வேண்டிய கொஞ்சம் கோட்பாடு

திரைகள் டிபன் கேரியர் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. கண்ணில் படுவது மேலே இருப்பது மட்டும். ஃப்ளட்டரில் இந்த அடுக்கை நிர்வகிப்பது 'நேவிகேட்டர்'. ஐந்து கட்டளைகள் தெரிந்தால் போதும்.

- புஷ்: மேலே ஒரு திரையை வைக்கும்.
- பாப்: மேலே இருப்பதை எடுக்கும்.
- புஷ்ரீப்ளேஸ்மெண்ட்: மேலே இருக்கும் ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கும்.
- புஷ்அண்ட்ரிமூவ்அன்டில்: நீங்கள் சொல்லும் இடம்வரை அனைத்தையும் நீக்கிவிட்டுப் புதியதை வைக்கும்.
- பாப்அன்டில்: நீங்கள் சொல்லும் திரை வரும்வரை எடுத்துக்கொண்டே போகும்.

மூன்றாவதையும் நான்காவதையும் குழப்பிக்கொள்வதுதான் புதியவர்களிடம் அதிகம் காணும் பிழை. உள்நுழைவை எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் எண் திரை, அதன்மேல் ஓ.டி.பி. திரை. ஓ.டி.பி. சரியாக இருந்ததும் புஷ்ரீப்ளேஸ்மெண்ட் போட்டால், ஓ.டி.பி. போகும், அந்த இடத்தில் 'இன்று' வரும். பார்ப்பதற்கு எல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் எண் திரை அடியில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பின் பொத்தானை அழுத்தியதும், உள்ளே வந்துவிட்டவரிடம் செயலி மறுபடி செல்பேசி எண் கேட்கும். இங்கே வேண்டியது புஷ்அண்ட்ரிமூவ்அன்டில். நிபந்தனையாக 'ஃபால்ஸ்' கொடுத்தால் பழைய அடுக்கு முழுவதும் போய்விடும். வெளியேறும் இடத்திலும் இதையே செய்யுங்கள்.

எந்தக் கருவி

ஐந்தாறு திரைகளும் தாவல்கள் இல்லாத அமைப்பும் என்றால் வெறும் நேவிகேட்டரே போதும். கூடுதல் தொகுப்பு எதையும் சேர்க்காதீர்கள். தாவல்களும் லிங்க்கும் உள்நுழைவும் சேர்ந்துவிட்டால் 'கோ-ரௌட்டர்' தொகுப்புக்குப் போங்கள். அதைப் பராமரிப்பது ஃப்ளட்டர் குழுவே. பழைய பாடங்களில் 'புஷ்நேம்ட்' என்று பெயர் வைத்து அனுப்பும் முறையைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான செயலிகளுக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை என்று ஃப்ளட்டர் ஆவணமே சொல்லிவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதில் நேரம் செலவிட வேண்டாம்.

வழித்தடங்களை அமைத்தல்

1. டெர்மினலில் 'ஃப்ளட்டர் பப் ஆட்' கட்டளையால் கோ-ரௌட்டரைச் சேருங்கள்.
2. வழித்தடங்களுக்கென்று தனிக்கோப்பு ஒன்று வையுங்கள். முகவரிகள் அனைத்தும் அந்த ஒரே கோப்பில் இருக்கட்டும். திரைகளுக்குள் முகவரியைக் கையால் எழுதாதீர்கள்.
3. ரௌட்டரை அந்தக் கோப்பில் ஒரே ஒரு முறை உருவாக்குங்கள். 'பில்ட்' செயல்பாட்டுக்குள் உருவாக்கினால், திரை மறுபடி வரையப்படும்போதெல்லாம் புது ரௌட்டர் பிறந்து பயனர் முதல் திரையில் போய் விழுவார்.
4. நான்கு தாவல்களையும் 'ஸ்டேட்ஃபுல்ஷெல்ரௌட்'டின் 'இண்டெக்ஸ்டுஸ்டாக்' வகையில் நான்கு கிளைகளாக வையுங்கள். ஒவ்வொரு கிளைக்கும் தனி அடுக்கு கிடைக்கும். 'பஸ்கள்' பட்டியலைப் பாதிவரை நகர்த்திவிட்டு 'லீவு' போய்த் திரும்பினாலும் பட்டியல் விட்ட இடத்திலேயே நிற்கும்.
5. உள்திரைகளைத் தாய்த் திரைக்குள்ளேயே எழுதுங்கள். 'பஸ் விவரம்' என்பது 'பஸ்கள்' கிளைக்குள், பஸ்ஸின் அடையாள எண்ணோடு. 'அனுப்பியாயிற்று' என்பது 'லீவு' கிளைக்குள்.
6. 'மெட்டீரியல்ஆப்.ரௌட்டர்' வடிவத்துக்கு மாறி, 'ரௌட்டர்கான்ஃபிக்' இடத்தில் உங்கள் ரௌட்டரைக் கொடுங்கள்.
7. 'எரர்பில்டர்' எழுதுங்கள். இல்லாத முகவரிக்கு வருபவருக்கு "இந்தப் பக்கம் இப்போது இல்லை" என்று தமிழில் சொல்லி, 'இன்று' திரைக்குப் போக ஒரு பொத்தான் கொடுங்கள்.

ஐந்தாவது படியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கோ-ரௌட்டரில் 'கோ' என்ற கட்டளை, முகவரி எந்தத் தாய்க்குள் எழுதப்பட்டிருக்கிறதோ அதற்கேற்ப முழு அடுக்கையும் தானே கட்டும். லீவை அனுப்பி முடித்ததும் 'அனுப்பியாயிற்று' முகவரிக்கு 'கோ' போட்டால், அடியில் லீவு பட்டியலும் மேலே அந்தத் திரையும் மட்டும் இருக்கும். படிவமும் சரிபார்ப்பும் போயிருக்கும். சீட்டில் எழுதிய விடை கூடுதல் வேலை இல்லாமல் கிடைத்துவிட்டது. 'புஷ்' கட்டளையோ இருக்கிற அடுக்கின்மேல் ஒன்றை வைப்பதோடு சரி. ஓரிடத்துக்கு மாறிப் போவதற்கு 'கோ', ஒரு கேள்வி கேட்டுவிட்டு இதே இடத்துக்குத் திரும்புவதற்கு 'புஷ்' என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

உள்நுழைவுக் காவல்

'ரீடைரக்ட்' செயல்பாட்டில், உள்நுழையாதவரை எண் திரைக்கும், உள்நுழைந்தபின் எண் திரையிலோ ஓ.டி.பி. திரையிலோ நிற்பவரை 'இன்று' திரைக்கும் அனுப்புங்கள். மற்ற எல்லா நேரமும் 'நல்' திருப்பிக் கொடுங்கள். அதற்கு "இருக்கிற இடத்திலேயே இரு" என்று பொருள். "உள்நுழையவில்லையா, எண் திரைக்குப் போ" என்று மட்டும் எழுதி நிறுத்திவிட்டால், ஓ.டி.பி. திரைக்கு நகர முடியாமல் எண் திரையிலேயே சுற்றிக்கொண்டிருப்பார். உள்நுழைவுத் திரைகள் இரண்டையும் விதிவிலக்காகச் சேருங்கள். இரண்டு முகவரிகள் ஒன்றையொன்று மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டால் ரௌட்டர் பிழை காட்டும்.

தகவலைக் கொண்டுபோவதும் கொண்டுவருவதும்

பட்டியலில் ஒரு பஸ்ஸைத் தொட்டால், பஸ்ஸின் முழுத் தகவலையும் அடுத்த திரைக்கு 'எக்ஸ்ட்ரா'வில் வைத்து அனுப்பலாம். வசதியாக இருக்கும், செய்யாதீர்கள். லிங்க் வழியே வருபவரிடம் அந்த எக்ஸ்ட்ரா இருக்காது, திரை காலியாக வந்து சிவப்புப் பிழை காட்டும். லாக்கரில் கிடந்த போனில் ஆண்ட்ராய்டு செயலியைத் தூக்கியிருந்தாலும் இதே கதிதான். அடையாள எண்ணை மட்டும் முகவரியில் அனுப்பி, தகவலைத் திரையே தேடி எடுத்துக்கொள்ளட்டும்.

திரும்ப வரும்போது விடை வேண்டுமானால், 'புஷ்' முன்னால் 'அவெய்ட்' போட்டுக் காத்திருந்து, உள்திரையில் 'பாப்' செய்யும்போது விடையைக் கொடுங்கள். தேதி தேர்வுத் திரை இப்படித்தான் வேலை செய்யும். இதில் இரண்டு கவனம். பயனர் தேர்வு செய்யாமலே திரும்பினால் விடை 'நல்' ஆக வரும். அதற்கும் வழி வையுங்கள். காத்திருந்த நேரத்தில் பழைய திரையே போயிருக்கலாம். ஆகவே 'அவெய்ட்' முடிந்ததும் 'கான்டெக்ஸ்ட்.மௌண்டட்' பார்த்துவிட்டே அடுத்த வேலையைச் செய்யுங்கள்.

*உதவிக்குறிப்பு:* மெதுவான போனில் பொத்தானை ஒருமுறை தொட்டு ஒன்றும் நடக்காவிட்டால் இரண்டாம் முறை தொடுவார்கள். ஒரே திரை இரண்டு தடவை அடுக்கில் ஏறிவிடும். 'அனுப்பு' பொத்தானாக இருந்தால் இரண்டு லீவு பதிவாகும். தொட்டவுடன் பொத்தானை மங்கச் செய்து, வேலை முடியும்வரை பூட்டிவையுங்கள். ஒரே விண்ணப்பம் இரண்டு முறை வந்தால் ஒன்றாக எடுத்துக்கொள்ளும்படி சர்வரிலும் சொல்லி வையுங்கள். திரையை மட்டும் நம்பக்கூடாது.

பின் பொத்தான்

ஆண்ட்ராய்டில் சிலர் கீழே மூன்று பொத்தான் வைத்திருப்பார்கள், சிலர் ஓரத்திலிருந்து விரலை இழுப்பார்கள். ஐபோனில் பின் பொத்தான் என்று தனியாகக் கிடையாது. இடது ஓரத்திலிருந்து இழுப்பதும் மேலே இருக்கும் அம்புக்குறியும்தான். ஆண்ட்ராய்டு போனை மட்டும் வைத்துக்கொண்டு செய்பவர்கள் மேல்பட்டை அம்புக்குறியை அழகுக்காக நீக்கிவிடுவதுண்டு. ஐபோன்காரர் அந்தத் திரையில் மாட்டிக்கொள்வார். அம்புக்குறி எல்லா உள்திரையிலும் இருக்கட்டும்.

பின் பொத்தான் செயல்பட வேண்டிய வரிசை இது:

1. திறந்திருக்கும் உரையாடல் பெட்டியோ கீழிருந்து எழும் பலகையோ இருந்தால் அதை மட்டும் மூடவேண்டும்.
2. உள்திரையில் இருந்தால் தாய்த் திரைக்கு.
3. 'பஸ்கள்', 'லீவு', 'நான்' தாவல்களின் முதல் திரையில் இருந்தால் 'இன்று' தாவலுக்கு.
4. 'இன்று' திரையில் இருந்தால் செயலியை விட்டு வெளியே.

மூன்றாவது தானாக நடக்காது. தாவல் பட்டையைத் தாங்கும் திரையை 'பாப்ஸ்கோப்'பால் சுற்றி, முதல் தாவலில் இருக்கும்போது மட்டும் 'கேன்பாப்' உண்மை என்று வையுங்கள்; மற்ற தாவல்களில் பின் அழுத்தம் வந்தால் 'கோபிராஞ்ச்' மூலம் முதல் கிளைக்கு மாற்றுங்கள். நான்காவதில் கை வைக்காதீர்கள். ஆண்ட்ராய்டு 12 முதல், முதல் திரையில் பின் அழுத்தினால் செயலி பின்னணிக்குத்தான் போகிறது. திரும்பத் திறந்தால் சட்டென்று வந்துவிடும். "வெளியேற மறுபடி அழுத்தவும்" என்று மறிப்பதை நான் எங்கேயும் பரிந்துரைக்க மாட்டேன். பஸ் வந்து நிற்கும்போது அது ஒரு தடங்கல். வேறு பயன் இல்லை.

மறிக்க வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: பாதி நிரப்பிய லீவு படிவம். அங்கே 'கேன்பாப்' பொய் என்று வைத்து, 'ஆன்பாப்இன்வோக்டுவித்ரிசல்ட்' வழியாக "எழுதியதை விட்டுவிடவா?" என்று கேளுங்கள். அந்தச் செயல்பாட்டின் முதல் வரியில், ஏற்கெனவே 'பாப்' நடந்துவிட்டதா என்று பார்த்து, நடந்திருந்தால் அப்படியே திரும்புங்கள். இல்லாவிட்டால் 'ஆம்' என்று சொன்னபிறகு கேள்வி மறுபடி எழும். படிவம் காலியாக இருக்கும்போது 'கேன்பாப்' உண்மையாகவே இருக்கட்டும். ஒன்றும் எழுதாதவரை எதற்கு மறிக்க வேண்டும்? 'கேன்பாப்' பொய்யாக இருக்கும்வரை ஐபோனில் ஓரத்து இழுப்பு வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பழைய பாடங்களில் இந்த வேலைக்கு 'வில்பாப்ஸ்கோப்' இருக்கும். அது கைவிடப்பட்டதற்குக் காரணம் உண்டு. பின்னால் போனால் என்ன தெரியும் என்பதை விரல் இழுக்கும்போதே காட்டும் வசதியை ஆண்ட்ராய்டு 13 முதல் கூகுள் கொண்டுவந்தது. ஆண்ட்ராய்டு 16ஐக் குறிவைத்து வெளியிடும் செயலிகளில் அது இயல்பாகவே இயங்குகிறது. விரல் நகரும் முன்பே, பின்னால் போகலாமா கூடாதா என்ற விடை தயாராக இருக்க வேண்டும். 'வில்பாப்ஸ்கோப்' அழுத்தியபிறகுதான் யோசிக்கத் தொடங்கும்.

வாட்ஸாப் லிங்க்கிலிருந்து நேராக உள்ளே

"நாளைக்கு 12ஆம் பஸ் தண்டலம் வழியாகப் போகாது" என்ற செய்தியோடு ஒரு லிங்க். தொட்டால் அந்த பஸ்ஸின் விவரம் திறக்க வேண்டும். வழித்தடக் கோப்பில் பாதி வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது, மீதி இது:

1. உங்கள் சொந்த இணைய முகவரியில் எச்.டி.டி.பி.எஸ். லிங்க் வையுங்கள். செயலிக்கென்று புனைந்த முன்னொட்டை வைக்காதீர்கள். அதே முன்னொட்டை வேறொரு செயலியும் பதிந்துகொண்டு உங்கள் லிங்க்கைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளலாம்.
2. ஆண்ட்ராய்டு மேனிஃபெஸ்ட்டில் அந்த முகவரிக்கான இன்டென்ட் ஃபில்டரைச் சேர்த்து, 'ஆட்டோவெரிஃபை' உண்மை என்று வையுங்கள்.
3. இணையதளத்தின் 'வெல்-நோன்' அடைவில் 'அசெட்லிங்க்ஸ்' ஜேசான் கோப்பை ஏற்றுங்கள். ஐபோனுக்கு 'ஆப்பிள்-ஆப்-சைட்-அசோசியேஷன்' கோப்பு; அதற்குப் பின்னொட்டு எதுவும் இருக்கக்கூடாது.
4. அசெட்லிங்க்ஸ் கோப்பில் செயலியின் எஸ்.எச்.ஏ.-256 கைரேகையைச் சேருங்கள்.

நான்காவது படியில்தான் பலருக்கு ஒரு நாள் வீணாகிறது. தங்கள் கணினியில் சோதிக்கும்போது லிங்க் திறக்கும். பிளே ஸ்டோரில் ஏற்றியதும் திறக்காது. பிளே ஸ்டோர் நம் செயலியைத் தன்னிடமுள்ள சாவியால் மறுபடி கையொப்பமிட்டு வெளியிடுகிறது. ஆகவே நீங்கள் ஏற்றப் பயன்படுத்தும் சாவியின் கைரேகை அங்கே செல்லாது. பிளே கன்சோலில் செயலிக் கையொப்பப் பகுதியில் காட்டும் கைரேகையை எடுத்துப் போடுங்கள். கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கைரேகைகளை வைக்கலாம்.

உள்நுழையாதவர் லிங்க்கைத் தொட்டால், 'ரீடைரக்ட்' அவரை எண் திரைக்கு அனுப்பும்போது, போக வந்த முகவரியையும் கூடவே கொடுத்துவிடுங்கள். உள்ளே வந்ததும் அங்கேயே கொண்டுபோய் விடுங்கள். முதல் திரையில் விட்டுவிட்டால், லிங்க் எதற்கு வந்தது என்பதே மறந்துபோகும்.

பாதுகாப்பு: விட்டுவிடக் கூடாதவை

- லிங்க்கில் வருவதை நம்பாதீர்கள். அடையாள எண்ணா, வெறும் இலக்கங்களா என்று பாருங்கள். அந்த ஊழியர் அந்தத் தகவலைப் பார்க்கலாமா என்பதைச் சர்வர் முடிவு செய்யட்டும். திரையை மறைத்துவைப்பது பூட்டுப் போடுவது ஆகாது.
- 'போக வந்த முகவரி'யை உங்கள் செயலியின் வழித்தடங்களுக்குள் மட்டும் அனுமதியுங்கள். வெளி இணையதளமாக இருந்தால் நிராகரியுங்கள்.
- ஓ.டி.பி., டோக்கன், ஊழியர் எண் எதையும் லிங்க்கில் வைக்காதீர்கள். வாட்ஸாப்பில் ஒருவர் அனுப்பியதைப் பத்துக் குழுவுக்கு அனுப்ப ஒரு தொடுதல் போதும்.
- வெளியேறும்போது அடுக்கு முழுவதையும் நீக்குங்கள். சேமித்துவைத்த சம்பள சிலிப்பையும் அழியுங்கள். வெளியேறியபின் பின் பொத்தானை அழுத்தி நீங்களே பாருங்கள்.
- சம்பள சிலிப் திரை, அண்மைச் செயலிகள் பட்டியலில் சின்னப் படமாகத் தெரியும். ஆண்ட்ராய்டில் அந்தத் திரைக்கு மட்டும் 'செக்யூர்' கொடி வைத்தால் அது மறைந்துவிடும்.

பெயர்ப்பலகை தமிழில்

'விடுப்பு விண்ணப்பம்' என்று தாவலில் எழுதினால் சின்னப் போனில் பாதி வெட்டுப்படும். 'லீவு' என்றாலே எல்லோருக்கும் புரியும், அதையே வையுங்கள். பலர் எழுத்து அளவைப் பெரிதாக்கி வைத்திருப்பார்கள். அந்த அளவிலும் பாருங்கள். இந்தியும் ஒடியாவும் பேசுபவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் மொழி மாற்றும் பொத்தானை உள்நுழைவுத் திரையிலேயே வையுங்கள். 'நான்' தாவலுக்குள் மறைத்துவைத்தால் அதைத் தேடிப் போகவே தமிழ் தெரிந்திருக்க வேண்டும். மொழி மாறினாலும் அவர் நிற்கும் திரை மாறக்கூடாது.

ரியாக்ட் நேட்டிவ் வைத்திருப்பவர்களுக்கு

சீட்டும் வரிசையும் பாதுகாப்பும் அப்படியே பொருந்தும். கட்டளைப் பெயர்கள்தான் வேறு. 'ரியாக்ட் நேவிகேஷன்' தொகுப்பில் அடுக்குக்கு 'நேட்டிவ் ஸ்டாக்', தாவலுக்கு 'பாட்டம் டேப்ஸ்', உள்நுழைந்தபின் அடுக்கைத் துடைக்க 'ரீசெட்'. ஆறாம் பதிப்பிலிருந்து ஏழுக்கு வருபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். முன்பு 'நேவிகேட்' என்றால், அந்தத் திரை அடுக்கில் ஏற்கெனவே இருந்தால் அதற்குத் திரும்பிப் போகும். ஏழாம் பதிப்பில் அப்படித் திரும்பாது, மேலே புதிதாக ஒன்றை வைக்கும். திரும்ப வேண்டுமென்றால் 'பாப்டு' போடுங்கள். இதைக் கவனிக்காமல் பதிப்பை ஏற்றியவர்களின் செயலியில் பின் பொத்தானை ஐந்தாறு தடவை அழுத்தினாலும் ஒரே திரை திரும்பத் திரும்ப வரும்.

கொடுக்கும் முன் சோதனை

உங்களிடம் இருக்கும் நல்ல போனில் வேண்டாம். பயனர்களிடம் இருப்பது போன்ற, நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு ஒன்றும், ஓர் ஐபோனும் கடன் வாங்குங்கள்.

1. சீட்டுகளை எடுத்து, ஒவ்வொரு திரைக்கும் போய்ப் பின் பொத்தானை அழுத்துங்கள். சீட்டில் எழுதிய இடம் வந்தால் டிக் போடுங்கள்.
2. ஆண்ட்ராய்டு அமைப்புகளில் 'பில்ட் நம்பர்' மீது ஏழு முறை தொட்டு டெவலப்பர் வசதியைத் திறந்து, "செயல்பாடுகளை வைத்திருக்காதே" என்ற பொருள்படும் தேர்வை இயக்குங்கள். லீவு படிவத்தைப் பாதி நிரப்பிவிட்டு வேறு செயலிக்குப் போய்த் திரும்புங்கள். எழுதியது போயிருந்தால், படிவத்தை அவ்வப்போது போனிலேயே சேமிக்கும் வேலையைச் சேருங்கள். சோதனை முடிந்ததும் இந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்.
3. லிங்க்கை மூன்று நிலைகளில் தொடுங்கள்: செயலி திறந்திருக்கும்போது, முழுவதும் மூடியிருக்கும்போது, வெளியேறியிருக்கும்போது. மூன்றிலும் பஸ் விவரம் வரவேண்டும். அங்கிருந்து பின்னால் போனால் 'பஸ்கள்' பட்டியல் வரவேண்டும்.
4. விமானப் பயன்முறையில் போட்டுவிட்டு எல்லாத் தாவல்களையும் தொடுங்கள். தகவல் வராமல் போகலாம். திரும்பும் வழி அடைபடக்கூடாது.
5. திரையைப் படித்துக்காட்டும் டாக்பேக்கை இயக்கி, கண்ணை மூடிக்கொண்டு 'இன்று' திரையிலிருந்து லீவு போட்டுப் பாருங்கள். பெயரில்லாத பொத்தான்கள் அப்போது தெரிந்துவிடும்.

முதல் சோதனையில் ஒரு சீட்டு தவறினாலும் வெளியிடுவதை ஒரு நாள் தள்ளிவையுங்கள். எல்லாம் சரியானதும், எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுக்காமல், ஒரு பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மட்டும் கொடுங்கள். நீங்களும் அந்த பஸ்ஸில் ஏறி, அவர்கள் விரல் எங்கே தயங்குகிறது என்று பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். எதையும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பார்த்ததைச் சீட்டில் குறித்துக்கொண்டு வந்து திருத்துங்கள்.